கரித்தூள் தொழில்நுட்பம்

பல் டாக்டருக்கு வாரம் முழுக்க அடுத்தவர் வாயோடுதான் வாழ்க்கை. "காலையில ஒரு தடவை, படுக்கப் போறப்ப ஒரு தடவை. இதுகூட முடியாதுன்னா என்கிட்ட வந்து வாயைத் திறக்காதீங்க!" என்று நோயாளிகளை வறுத்தெடுப்பார். நாற்காலியில் மல்லாந்து கிடப்பவர்கள் வாயில் பஞ்சோடு என்ன பதில் சொல்ல முடியும்? கேட்டுக்கொள்வார்கள். கிளினிக் மேசையில் ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தியிருந்தாலும் நர்ஸ் அம்மாவுக்கு அன்றைக்கு அர்ச்சனை உண்டு.

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் ஆள் வேறு. கறுப்பு ஜாக்கெட், முழங்காலுக்குக் கவசம், தொடைகளுக்கு நடுவே உறுமும் வண்டி. ஊரில் உள்ள மோட்டார் சைக்கிள் கிளப்புக்கு அவர்தான் தலைவர். அவருடைய தலைமைக்கு அடையாளமாக விளங்கியது முதுகில் தொங்கிய ஹைட்ரேஷன் பேக். பள்ளிக்கூடப் பை மாதிரி இருக்கும். உள்ளே ரப்பர் பை, அதில் தண்ணீர், அதிலிருந்து தோள் மேலாக வரும் ஒரு குழாய். வண்டியை நிறுத்தாமலேயே குழாயின் முனையைக் கடித்து உறிஞ்சலாம். அதைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் விண்வெளிக்குப் போய்விட்டு நேற்றுதான் திரும்பியவர் போல இருக்கும்.

அந்தப் பையை வாங்கிய நாளிலிருந்து அவர் கழுவியதே இல்லை. தண்ணீரில் ஆரஞ்சு குளுக்கோஸ் பொடியைக் கரைத்து ஊற்றுவார். வந்ததும் மிச்சத்தோடு செருப்பு அலமாரியில் திணிப்பார். அடுத்த வாரம் அதன் மேலேயே ஊற்றிக்கொண்டு கிளம்புவார்.

"என்னங்க, இதை என்னைக்காவது கழுவியிருக்கீங்களா?" என்று மனைவி ஒரு நாள் கேட்டாள்.

"உள்ள போறது சுத்தமான தண்ணி. தண்ணியைத் தண்ணியால கழுவச் சொல்றியா?"

"சோறும் சுத்தமானதுதான். அதுக்காகத் தட்டைக் கழுவாம அடுக்கி வைக்கிறோமா?"

டாக்டருக்கு அந்த நேரம் பார்த்து வண்டி டயரில் காற்று எவ்வளவு இருக்கிறது என்ற கவலை வந்துவிட்டது. எழுந்து போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவியின் தம்பியும் சவாரிக்கு வந்தான். லிஃப்ட் பழுது பார்க்கிறவன். சர்பத் காலியான பாட்டிலில் தண்ணீர் பிடித்து வண்டியின் பின்னால் கயிற்றால் கட்டியிருந்தான். "மாப்ளே, பால்காரன் மாதிரி இருக்கே" என்று டாக்டர் எல்லார் முன்னாலும் சிரித்தார். போகிற வழியில் ஒரு வேகத்தடையில் பாட்டில் எகிறி லாரி ஒன்றின் கீழே போய்ச் சேர்ந்தது.

பெட்ரோல் பங்கின் நிழலில் வண்டிகள் நின்றதும் டாக்டரின் உரை தொடங்கியது. நெடுந்தூர சவாரியில் நீரின் பங்கு என்பது தலைப்பு. கிளப்பின் துணைத் தலைவரான ஆடிட்டர் போனில் படம் பிடித்தார்.

"இதோ, என் மச்சினனுக்குத் தாகம். நான் என்ன செய்யறேன்? அப்படியே குழாயை நீட்டறேன். குடி, மாப்ளே."

மச்சினன் கடித்து உறிஞ்சினான். முகம் ஒரு மாதிரி போனது. உள்ளங்கையில் துப்பிப் பார்த்தான்.

"அத்தான், ஏதோ கறுப்பா வருது. நூல் நூலா இருக்கு."

போன் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அது என்னவென்று டாக்டருக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. ஆனால் ஒரு கையில் ஊசியை மறைத்துக்கொண்டு "ஒண்ணுமே வலிக்காது" என்று சொல்லிப் பழகிய வாய் அது.

"கரி" என்றார். "மருந்துக் கரி. நான்தான் போட்டிருக்கேன். உடம்புல இருக்கிற நச்சை எல்லாம் உறிஞ்சி எடுத்துடும். இது புதுத் தொழில்நுட்பம்."

மச்சினன் கையைத் தேய்த்துப் பார்த்தான். "கரி வழுவழுன்னு இருக்குமா அத்தான்?"

"நல்ல கரி அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி, டாக்டர் தானே நாலு மடக்கு உறிஞ்சிக் காட்டினார்.

மறுநாளே டாக்டரின் வயிறு கலகம் செய்ய ஆரம்பித்தது. பாதிப் பல்லைத் தோண்டிக்கொண்டிருக்கும்போது "வாயை மூடாதீங்க, வந்துடறேன்" என்று ஓடுவார். திரும்பி வந்து உட்கார்ந்ததும் மறுபடி ஓடுவார். வீட்டுக்கு வந்து சுருண்டு படுத்தவரை மனைவி பார்த்தாள். செருப்பு அலமாரியிலிருந்து பையை எடுத்து வந்து, மூடியைத் திருகித் திறந்து, உள்ளே டார்ச் அடித்துக் காட்டினாள். சுவரெல்லாம் ஆரஞ்சுக் கசடு. அதன் மேல் கறுப்புப் புள்ளிகள். தொட்டால் மீன் தோல் மாதிரி வழுக்கியது. வாடை இரண்டு பேரையும் பின்னுக்குத் தள்ளியது.

"ஒரு பேஷண்ட் வாய் இப்படி இருந்தா என்ன சொல்வீங்க?"

டாக்டர் யோசித்தார். தொழில் விஷயத்தில் அவருக்குப் பொய் வராது. "எல்லாத்தையும் பிடுங்கணும்னு சொல்லுவேன்."

உடம்பு தேறியதும் கிளினிக் கதவைச் சாத்திக்கொண்டு காரியத்தில் இறங்கினார். வெந்நீரில் சோடா உப்பைக் கரைத்துப் பையில் நிரப்பி ஊறவைத்தார். குழாயைக் கழற்றி மெல்லிய நீளப் பிரஷ்ஷை விட்டு இழுத்தார். கடிக்கும் முனையைப் பிரித்து, பல் இடுக்கில் விடுகிற கொக்கியால் சுரண்டினார். குழாய்க்குள்ளிருந்து கறுப்பாக ஒரு நீளச் சவ்வு வந்தது. அதை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்திருந்த நேரம் பார்த்து, முன்கூட்டியே வந்துவிட்ட ஒரு அம்மாள் கதவைத் திறந்தாள். கையுறை, பளீரென்று எரியும் விளக்கு, மேசை மேல் உப்பிக் கிடக்கும் பை, டாக்டர் கையில் தொங்கும் சவ்வு. "நான் அப்புறமா வர்றேன்" என்றவள் பிறகு வரவே இல்லை.

குழாய் மட்டும் தேறவில்லை, புதிதாக வாங்கிப் போட்டார். பை உள்ளே ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு கரண்டியைச் செருகி, தலைகீழாகக் கொடியில் தொங்கவிட்டு, முழுக்கக் காய்ந்த பிறகுதான் எடுத்தார். இந்த முறை வெறும் தண்ணீர்தான் ஊற்றினார்.

அடுத்த சவாரிக்குப் போய் இறங்கியவர் திகைத்து நின்றார். கிளப்பில் எல்லார் முதுகிலும் பை. எல்லாக் குழாயிலும் கறுப்புத் தண்ணீர். ஆடிட்டர் அடுப்புக் கரியை இடித்துப் போட்டிருந்தார். ஜிம் வைத்திருப்பவர் மீன் தொட்டிக் கடையில் கரி வாங்கியிருந்தார். "வாங்க தலைவரே!" என்று எல்லாரும் சிரித்தபோது பளிச்சென்று ஒரு பல்கூடக் கிடையாது. அத்தனையும் அமாவாசை.

டாக்டர் தொண்டையைச் செருமினார். "ஒரு விஷயம் சொல்லணும். அன்னைக்கு வந்தது கரி இல்ல. அழுக்கு. பூஞ்சை. நான் பையைக் கழுவவே இல்ல. மானம் போயிடும்னு வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன்."

ஆடிட்டர் கண்ணைச் சுருக்கினார். "எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சுன்னதும் ரகசியத்தை மறைக்கப் பார்க்கறீங்களா டாக்டர்?"

"சத்தியமாச் சொல்றேன், சார்."

"எனக்கு முட்டி வலியே போயிடுச்சு" என்றார் ஜிம்காரர். "பூஞ்சையால போகுமா?"

மச்சினன் குறுக்கே வந்தான். "ஏங்க, நான்தானே துப்பினேன். அது பூஞ்சைதாங்க."

"தம்பிக்குப் பழக்கம் இல்ல" என்றார் ஆடிட்டர் கனிவாக. "நச்சு வெளிய போறப்ப அப்படித்தான் தோணும்."

வெயில் ஏறியது. கரித்தூள் போய்க் குழாய் முனைகளை அடைத்துக்கொண்டது. வண்டி ஓட்டியபடியே கன்னம் ஒட்ட ஒட்ட உறிஞ்சினார்கள். காற்றுகூட வரவில்லை. கல்யாண வீடுகளில் போட்டோ எடுப்பவர் தலை சுற்றி வண்டியை ஓரம் கட்டிச் சாய்ந்துவிட்டார். அவருடைய பையைத் திறந்து வாயில் ஊற்றப் பார்த்தார்கள். கறுப்புத் தண்ணீர் வெள்ளைச் சட்டையில் கொட்டியதுதான் மிச்சம். டாக்டர் அவரை மரத்தடிக்குத் தூக்கிப்போய், தன் குழாயை அவர் வாயில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் அவருக்குக் கண் தெளிந்தது. அதற்குள் மற்றவர்களும் வரிசையாக வந்து நின்றார்கள். ஒவ்வொருவருக்கும் முனையைத் துடைத்துத் துடைத்துக் கொடுத்தார்.

ஆடிட்டர் நாலு மடக்குக் குடித்துவிட்டுச் சப்புக்கொட்டினார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா ஏதோ குறையுதே, டாக்டர். கரி வாசமே இல்லையே!"

அன்று சாயங்காலமே கிளப் கூடி ஆடிட்டரைத் தலைவராக்கியது. டாக்டருக்குக் கௌரவ ஆலோசகர் பதவி. ஆலோசனை எதையும் யாரும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஜாக்கெட்டைக் கழற்றினார்.

"உண்மையைச் சொன்னீங்களா?" என்றாள் மனைவி.

"சொன்னேன்."

"நம்பினாங்களா?"

"ஒருத்தர்கூட இல்ல. உன் தம்பியைத் தவிர."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "சரி, கை கால் கழுவிட்டு வாங்க. சாப்பிடலாம்."

திங்கட்கிழமை கிளினிக் திறந்ததும் முதல் ஆளாக நாற்காலியில் ஆடிட்டர் சாய்ந்திருந்தார்.

"பல்லுல ஒரே கறை டாக்டர். எவ்வளவு தேய்ச்சாலும் போகல. எதனால வந்திருக்கும்?"

"கரியால."

"என்ன டாக்டர், கரி பல்லைச் சுத்தம்தானே பண்ணும்?"

டாக்டர் விளக்கை இழுத்து அவர் முகத்துக்கு நேரே வைத்தார்.

"நல்லா வாயைத் திறங்க" என்றார்.