இன்னும் பத்துக் குதிரை

ரவூப், இறந்துபோன தன் அண்ணன் மீராசாஹிப் நானாவின் தாடையை வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தபோது, உம்மு குல்தூம் கார்ச் சாவியை உள்ளங்கைக்குள் இறுக்கிப் பிடித்தபடி வாசற்படியில் நின்றாள்.

"பகல் லுஹருக்கே எடுத்துருவோம் மதினி. மையித்த வெச்சிக்கிட்டிருக்கப்படாது."

"மக றஸ்மியா வரணும்."

"ரிவர்ஸ்டன் மலையில இருந்தா? காலை பஸ் போயிடுச்சு. அந்த ஏத்தத்துக்கு எந்தக் கார்க்காரன் வருவான்?"

ரவூப் சொன்னது பொய்யில்லை. அந்த ஏற்றம்தான் இந்த வீட்டைப் பிடித்த சனியன். தோட்டத்துத் துரை லண்டனுக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன ஹம்பர் காரை மீராசாஹிப் வாங்கிய நாளில் உக்குவளை ஊரே கூடி நின்று பார்த்தது. மெத்தை இருக்கை, பளபளக்கும் மரப்பலகை. ஆனால் என்ன, இஞ்சினுக்கு வயதாகிவிட்டது. றஸ்மியாவைக் கட்டிக்கொடுத்து மாப்பிள்ளை வீட்டுக்கு அழைத்துப் போன அன்று, ரத்தோட்டை தாண்டி மலை முடக்கு வளைவு ஒன்றில் அது புகையைக் கக்கி நின்றுவிட்டது. கல்யாணச் சேலையோடு மணப்பெண் இறங்கி நிற்க, மாப்பிள்ளை வீட்டார் பின்னாலிருந்து தள்ளினார்கள். யாரோ சிரித்தார்கள். "இந்தக் காரு இந்த ஏத்தத்த ஏறாம, நான் மகள்ட வாசல மிதிக்க மாட்டேன்" என்று அன்று சொன்ன மனிதர், இரண்டு வருடமாக மிதிக்கவில்லை. மகள்தான் பெருநாளுக்குப் பெருநாள் பஸ்ஸில் வந்து போனாள்.

இஞ்சின் ஹெட்டைக் கண்டிக்குக் கொண்டுபோய்ச் சீவி எடுத்தார். வால்வுகளைத் தேய்த்தார். புகைக்குழாயை அகலமாக்கினார். கேட்டால், "இன்னும் பத்துக் குதிரையோட பலம் கூடினாப் போதும், பறக்கும்" என்பார். "பஸ்ல போனா மானம் போயிருமா? கட்டினவளோட பேச நேரமில்ல, குதிரை மேய்க்கிறீங்க" என்று உம்மு குல்தூமும் ஓயாமல் குத்துவாள். வீம்புக்கு மருந்து ஏது?

இன்று விடிகாலைச் சுபஹு தொழுதுவிட்டு வந்து கடைசி நட்டை முறுக்கி இஞ்சினை ஓடவிட்டார். பிளேன்டீ ஆறிக்கொண்டிருந்தது. "போதும், நிப்பாட்டுங்க" என்று குசினியிலிருந்து அவள் கத்தினாள். அவர் நிறுத்தவில்லை. கோபத்தோடு போய்ப் பார்த்தால், மட்கார்டில் தலையைச் சாய்த்து, இஞ்சின் சத்தத்தைக் கேட்பதுபோல் உட்கார்ந்திருந்தார். அவளே எட்டிச் சாவியைத் திருப்பினாள். அப்புறம்தான் அவர் தோளைத் தொட்டாள்.

கார்க் கொட்டகை ஓரம் அழகையா நின்றான். ஹம்பரோடு மல்லுக்கட்டிய இன்னொரு ஆள். அவள் சாவியை நீட்டினாள்.

"இன்னிக்குத்தான் ஹெட்டப் பூட்டினோம்மா. ஐநூறு மைலு மெதுவா ஓட்டிப் பழக்கணும்னாரு மொதலாளி. இப்பவே ஏத்தத்துல மிதிச்சா இஞ்சினே போயிருங்க."

"போனாப் போகட்டும். எம்புள்ளைக்கு வாப்பாட முகத்தக் காட்டணும்."

அழகையா ரவூப்பைப் பார்த்தான்.

"பின்னேரம் அஸர் வரைக்கும்தான்" என்றார் ரவூப்.

குளிப்பாட்டினார்கள், கபன் துணி சுற்றினார்கள். கற்பூர வாசனை வீட்டை நிறைத்தது. பெண்கள் யாஸீன் ஓத, உம்மு குல்தூமின் காது மட்டும் ரோட்டில் கிடந்தது. வாழ்நாளெல்லாம் எந்தச் சத்தத்தைச் சபித்தாளோ அதற்காகவே ஏங்கினாள். லுஹர் போனது. தூறல் பிடித்தது. பள்ளியிலிருந்து ஸந்தூக்குப் பெட்டியைக் கொண்டுவந்து முற்றத்தில் இறக்கினார்கள். அஸர் பாங்கும் சொல்லியாயிற்று. ரவூப் வாசலுக்கு வந்து அவளைப் பார்த்தார்.

அப்போது ரயில் கேட்டுப் பக்கம் சத்தம் கேட்டது. பழைய இருமல் இல்லை, கனத்த, நிதானமான சத்தம்.

றஸ்மியா செருப்பில்லாமல் இறங்கி ஓடிவந்து உம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"காருட சத்தம் எங்கட வீட்டு வாசல் வரைக்கும் கேட்டிச்சு உம்மா. வாப்பா ஏறி வந்துட்டாருண்டு நெனச்சேன். தேத்தண்ணிக்கு அடுப்ப மூட்டச் சொல்லிட்டு ஓடினேன்."

உம்மு குல்தூம் அவளை இறுக அணைத்துக்கொண்டாள். மகளின் முதுகைத் தடவியபடி வெளியே பார்த்தாள். அழகையா கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"முடக்குல காரு என்ன செஞ்சிச்சு?" என்று அவனிடம் கேட்டாள். மௌத்து வீட்டில் இதென்ன கேள்வி என்று யாரோ திரும்பிப் பார்த்தார்கள்.

"செகண்ட் கியர்லயே ஏறிருச்சும்மா. ஃபஸ்ட்டுக்கு மாத்தவே இல்ல."

றஸ்மியா வாப்பாவின் முகம் பார்த்தாள். "கண்ணீர் மேல விழாமப் பாருங்க" என்று பள்ளி லெப்பை சொல்ல, பெண்கள் அவளை மெல்ல விலக்கினார்கள். கபனை மூடக் குனிந்த ரவூப்பை உம்மு குல்தூம் கையால் தடுத்தாள். முந்தானையால் கண்ணை அழுத்தித் துடைத்துவிட்டு, கணவரின் காதருகே குனிந்தாள்.

"செகண்ட் கியர்லயே ஏறிச்சாம்."

பிறகு நகர்ந்து, மூடச் சொல்லித் தலையசைத்தாள். முற்றத்தில் ஹம்பரின் பொனட்டில் விழுந்த தூறல் விழ விழக் காய்ந்துகொண்டிருந்தது.