பிந்தி வந்த அலை

திண்டுக்கல் கல்லூரி ஒன்றில் கணிதம் நடத்தும் மகேஸ்வரி, வைகாசியில் சேவுகம்பட்டிக்கு நாத்தனார் வீட்டு விசேஷத்துக்குப் போன இடத்தில் வாயை விட்டு மாட்டிக்கொண்டாள்.

"இந்த ஐப்பசியில நல்ல மழை இருக்கும் போலிருக்கு."

"எப்படிச் சொல்றீங்க அண்ணி?" என்று பரிமாறுவதை நிறுத்தினாள் நாத்தனார் மணிமேகலை. மூன்று வருடமாகக் கண்மாய் காய்ந்து கிடந்தது. அவளுடைய மல்லிகைத் தோட்டத்துக் கிணற்றிலும் அடி தெரிந்தது.

"பல வருச மழைக் கணக்கைக் கம்ப்யூட்டர்ல பிரிச்சுப் பாத்தேன். பஸ் ஸ்டாண்டுல பத்து கண்டக்டர் சேந்து கத்துனாலும், வத்தலக்குண்டுன்னு கூப்பிடுற குரல் நமக்குத் தனியா கேக்குதுல்ல? அது மாதிரி மழைக்குள்ளயும் திரும்பத் திரும்ப வர்ற அலைங்க இருக்கு. ஒண்ணு வேகமா ஏறி இறங்கும், ஒண்ணு மெதுவா. இந்த வருசம் ரெண்டும் சேந்து ஏறுது. ஆனா உறுதின்னு எடுத்துக்காத மேகலா."

மணிமேகலை உறுதியென்றே எடுத்துக்கொண்டாள். பேரூராட்சியில் அனுமதி வாங்கி, தெருப் பெண்களைத் திரட்டி, கண்மாய்க்குத் தண்ணீர் வரும் கால்வாயில் மண்டியிருந்த சீமைக்கருவேலத்தை வெட்ட இறங்கிவிட்டாள். "எங்க அண்ணி கணக்குப் போட்டுச் சொல்லிருக்காக" என்றுதான் எல்லாரையும் கூப்பிட்டாளாம். கேள்விப்பட்ட மகேஸ்வரி கணக்கை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டாள். அவள் கணக்கை நம்பி இதுவரை யாரும் கையில் முள் ஏற்றிக்கொண்டதில்லை.

ஐப்பசி முழுக்க வெயில் அடித்தது. சிறுமலை மேல் மேகம் கூடும், கலையும். மகேஸ்வரி கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டாள். அலைகள் இருந்தன. அவை உச்சிக்கு வருவது எந்த மாதம் என்பதில்தான் குழப்பம். கூச்சத்தை விழுங்கிக்கொண்டு போன் போட்டாள்.

"தள்ளிப் போகலாம் மேகலா. வராமலும் போகலாம். உங்களை வீணா வேலை வாங்கிட்டேன்."

"வெட்டுன கால்வா எங்க போயிரப் போகுது? எப்ப வந்தாலும் வழி இருக்குல்ல அண்ணி."

அவள் கோபப்படாததுதான் மகேஸ்வரியை இன்னும் வாட்டியது.

கார்த்திகைப் பாதியில் மழை பிடித்தது. முதலில் விட்டுவிட்டு, பிறகு விடாமல். மகேஸ்வரி வகுப்பில் பாடத்தை நிறுத்திவிட்டு ஜன்னலோரம் போய் நின்றாள். சாயங்காலம் போன் வந்தது. பின்னால் பெண்களின் கூச்சல்.

"அண்ணி, நொரையும் சருகுமா தண்ணி ஓடி வருது! கேக்குதா?"

"கேக்குது" என்றாள். போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அடுத்த வருசம் எப்படி?"

"ஒரு அலை இறங்கும். மழை குறையலாம். மாசத்தைத்தான் தப்பாச் சொல்லிட்டேன், அதை இன்னும் பாக்கணும்."

"பாருங்க. அதுக்குள்ள இருக்கிற தண்ணிய விடக்கூடாது. கண்மாய்க் கரையில ஒரு இடம் கசியுது, ஞாயித்துக்கிழமை மண்ணு போடுறோம். நீங்களும் வாங்க."

"வாரேன்" என்றாள் மகேஸ்வரி.