வெள்ளரிக்கு ஊற்றிய தண்ணீர்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டாம். லாரிகளை நிறுத்தி எடை போடும் எடைமேடையில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். பாரத்தோடு வரும்போது ஒரு எடை, இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஒரு எடை, நடுவில் இருப்பதுதான் சரக்கு. மணல் லாரிக்காரர்கள் வழியில் எங்காவது ஓரங்கட்டி, மணலுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டு வருவார்கள், எடை கூடட்டும் என்று. நான் இறங்கிப் போய் ஒரு பிடி மணலை அள்ளிப் பிசைந்து பார்த்துவிட்டுத்தான் சீட்டுக் கிழிப்பேன். டன் கணக்கில் எடை போடுகிற இடத்தில் இப்படி நோண்டுவதால் டிரைவர்கள் எனக்குக் ‘கிராம் அக்கா’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிட ஒருவருக்கும் தைரியம் கிடையாது.

என் வீட்டுக்காரரின் இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்ட பிறகு, அவரையும் இப்படித்தான் எடை போட்டார்கள். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். மெஷினில் படுக்கும் முன் ஒரு எடை, எழுந்த பின் ஒரு எடை. நடுவில் இருப்பது தண்ணீர். குடித்தது தானாக வெளியே போக வழியில்லை. உள்ளேயே தங்கும், காலில் வீங்கும், மிஞ்சினால் நுரையீரலில் ஏறி மூச்சை அடைக்கும். ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் நடுவில் இரண்டு கிலோ ஏறலாம், அதற்கு மேல் ஏறினால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு நாளைக்கு எழுநூற்றைம்பது மில்லி. காபி, மாத்திரை விழுங்குவது எல்லாம் அதில் அடக்கம். வீட்டில் இருந்த சின்ன எவர்சில்வர் டம்ளரால் அளந்து பார்த்தேன். ஐந்து டம்ளர்.

அந்த மனிதருக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு, மொட்டை மாடியில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது. கடவுளுக்கு விளையாட வேறு இடம் கிடைக்கவில்லை என்று அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

லேத் பட்டறையில் வேலை பார்த்த காலத்திலேயே தோட்டத்தை ஆரம்பித்துவிட்டார். முதல் வருடம் விதைப் பாக்கெட்டில் இருந்த படத்தைப் பார்த்து மயங்கி, குளிர்ப் பிரதேசத்துச் செடிகளாக வாங்கி அடுக்கினார். காலிஃபிளவர், ஸ்ட்ராபெரி, பெயர் வாயில் நுழையாத ஊதாப்பூ ஒன்று. எங்கள் மொட்டை மாடியில் மத்தியானம் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. ஸ்ட்ராபெரித் தொட்டியைச் சுற்றி ஐஸ்கட்டி வைத்தார். “பக்கத்துல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு உக்காருங்க, குளிர்காலம்னு நம்பிடும்” என்றேன். சிரித்தார். ஒரே வாரத்தில் எல்லாம் கருகிவிட்டது.

அடுத்த வருடத்திலிருந்து மாறிவிட்டார். “செடிகிட்ட அடம் பிடிக்கக் கூடாதும்மா. இந்த வெயில் யாருக்கு ஒத்துக்குதோ அவங்கள வெச்சுக்கணும், அவ்வளவுதான்” என்றார். கொத்தவரை, வெண்டை, தண்டுக்கீரை, புடலை, கோடைக்கு வெள்ளரி. எண்ணெய் டிரம்களைப் பாதியாக அறுத்துத் தொட்டியாக்கி, மண்மேல் காய்ந்த சருகைப் போர்த்துவார். தினமும் ஒவ்வொரு தொட்டியிலும் ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு விட்டுப் பார்ப்பார். ஈரம் இருந்தால் அந்தச் செடிக்கு அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. ஒரு வெயிலுக்கும் அவருடைய செடி வாடி நான் பார்த்ததில்லை.

உடம்பு படுத்த பிறகும் அதை அவர் விடவில்லை. படியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு மேலே போவார். தாகத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ள, கையில் குழாயைப் பிடித்துக்கொண்டு இருபது செடிகளைக் குடிக்க வைப்பார். அந்தக் கோடையில் வெள்ளரி காய்க்கத் தொடங்கியதும், தினம் ஒன்றைப் பறித்துத் தோல் சீவி, மிளகுத்தூள் தூவிக் கொடுத்தேன். குடிக்கத்தானே கூடாது, கடிக்கக் கூடாதென்று யாரும் சொல்லவில்லையே. ஆஸ்பத்திரியில் உணவுச்சீட்டு ஒன்று கொடுத்திருந்தார்கள். அதை ஒருமுறை மேலோட்டமாகப் படித்துவிட்டு அலமாரியில் செருகியவள் நான்தான்.

ஒரு நாள் எடை இரண்டு கிலோ எண்ணூறு கிராம் கூடியிருந்தது. “ஐயா எங்கயோ கூடுதலா குடிக்கிறாரும்மா, கொஞ்சம் பாத்துக்குங்க” என்றார் டயாலிசிஸ் வார்டு நர்ஸ். எனக்கு அது போதாதா? மறுநாள் வேலையிலிருந்து இரண்டு மணி நேரம் முன்னதாகவே கிளம்பி, சத்தம் போடாமல் படியேறினேன். அவர் குழாயோடு நின்றிருந்தார். சட்டையின் முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. தாடையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“குடிச்சீங்களா?”

“முகம் கழுவினேன்மா. வெயில் தாங்கல.”

“வாயைத் திறங்க.”

அறுபத்தொரு வயது மனிதர், என் முன்னால் வாயைத் திறந்து காட்டினார். நான் குனிந்து பார்த்தேன். மணலைப் பிசைந்து பார்ப்பதுபோல. நாக்கு வறண்டு வெடித்துக் கிடந்தது. அதைப் பார்த்தும் நான் நம்பவில்லை. இப்போது நினைத்தால் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அன்றைக்கோ, மாடிக் குழாயின் திருகைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

“இனிமே நான் ஊத்துறேன். நீங்க மேல வந்தா உக்காந்து பாக்கலாம். தொடக் கூடாது.”

“சரிம்மா” என்றார். சண்டை போட்டிருந்தாலாவது பரவாயில்லை.

தினமும் காலையில் எடைமேடைக்குக் கிளம்பும் அவசரத்தில் நான் தண்ணீர் ஊற்றினேன். ஊற்றினேன் என்பதைவிட, கொட்டினேன் என்பதுதான் சரி. ஒவ்வொரு தொட்டியும் நிரம்பி வழியும்வரை கொட்டிவிட்டு அடுத்ததற்குப் போவேன். அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.

“விரலை விட்டுப் பாரும்மா. கொத்தவரைக்கு நேத்து ஊத்தினதே இருக்கும்.”

“எனக்கு நேரமாச்சு. உங்க செடிக்கு ஜோசியம் பாக்க முடியாது.”

பத்தே நாளில் கொத்தவரை மஞ்சளித்தது. வெண்டை வேர் அழுகிச் சாய்ந்தது. ஆறு வருடமாக எந்த வெயிலும் கொல்லாததை நான் தண்ணீர் ஊற்றியே கொன்றேன். வெள்ளரி மட்டும் கொட்டியதையெல்லாம் குடித்துக் கொழுத்தது. காய் ஒவ்வொன்றும் முழங்கை நீளம். அவருடைய தோட்டத்தைப் பிடுங்கிக்கொண்டேனே என்ற உறுத்தல் எனக்குள் இல்லாமலில்லை. அதை வாய்விட்டுச் சொல்லும் பழக்கம்தான் கிடையாது. அதனால் சாயங்காலம் வந்ததும் மூன்று வெள்ளரிக்காயாகப் பறித்து, அவர் எதிரில் உட்கார்ந்து தோல் சீவி, துண்டு துண்டாகக் கையில் கொடுத்தேன். அவரும் வேண்டாம் என்று சொல்லாமல் தின்றார்.

எடை குறையவில்லை. மூன்று தொள்ளாயிரம். அடுத்த தடவை நாலு முந்நூறு. மாடிக் குழாயின் திருகு என் கைப்பையில் இருக்கிறது, வீட்டில் ஐந்து டம்ளர் அளந்து வைத்திருக்கிறேன், பிறகு எங்கிருந்து ஏறுகிறது? குளியலறைதான் என்று முடிவு கட்டினேன். கதவைச் சாத்தாமல் குளிக்கச் சொன்னேன். பல் தேய்க்கும்போது பக்கத்தில் நின்றேன். “சாகணும்னு ஆசைன்னா நேரா சொல்லிடுங்க, நான் எதுக்கு மாரடிக்கணும்?” என்று கேட்டேன். இதைக் கேட்டது நான்தான், வேறு யாருமில்லை.

“குடிக்கலம்மா” என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவரால் படுக்க முடியவில்லை. கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, கையை ஊன்றி, மீன்போல வாயால் மூச்சு இழுத்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அவர் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டு, இந்த ஒரு தடவை காப்பாற்றிக் கொடு என்று யாரிடம் என்று தெரியாமல் வேண்டிக்கொண்டேன். ஆக்சிஜன் வைத்து, அவசரமாக மெஷினில் போட்டார்கள். நாலு கிலோ அறுநூறு. நுரையீரலில் தண்ணீர். “இன்னும் ஒரு மணி நேரம் விட்டிருந்தா கையில இருந்திருக்க மாட்டார்” என்று டாக்டர் என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு மணி நேரம் கழித்து மூச்சு சீரானது. ஆக்சிஜனை எடுத்துவிட்டார்கள். காலையிலிருந்து அவர் வயிற்றில் ஒன்றுமில்லை. கிளம்பும் பதற்றத்திலும் கைப்பழக்கத்தில் ஒரு டப்பாவை எடுத்துப் பையில் போட்டிருந்தேன். அதைத் திறந்தேன். மெஷினைப் பார்த்து எதையோ குறித்துக்கொண்டிருந்த நர்ஸ் திரும்பினார்.

“என்னம்மா அது?”

“வெள்ளரிக்கா சிஸ்டர். தாகத்துக்கு. எங்க மாடியில காய்ச்சது.”

நர்ஸ் பேனாவை மூடினார். “அதுவும் தண்ணிதாம்மா. நூறு பங்குல தொண்ணூத்தஞ்சு பங்கு தண்ணி. சீட்டுல போட்டிருக்கே. ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிடுறாரு?”

முழங்கை நீளத்தில் மூன்று. ஒன்று முந்நூறு கிராமுக்குக் குறையாது. இரண்டு நாளைக்கு ஆறு. ஆறும் சேர்ந்தால் ஒரு கிலோ எண்ணூறு. அவர் மேல் சுமத்திய ஒவ்வொரு கிராமையும் நான்தான் ஊட்டியிருக்கிறேன்.

நான் வாய் திறப்பதற்கு முன்பே கட்டிலிலிருந்து அவர் குரல் வந்தது. “நாந்தான் சிஸ்டர். இவ வேலைக்குப் போனப்புறம் திருட்டுத்தனமா பறிச்சுத் தின்னுட்டேன். இவளுக்குத் தெரியாது.”

நர்ஸ் அவரைக் கண்டிக்க வாயெடுத்தார்.

“இல்ல சிஸ்டர்” என்றேன். “நான் குடுத்தேன். தினம் மூணு. நானே பறிச்சு, நானே சீவி, நானே குடுத்தேன்.” பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னேன்.

நர்ஸ் திட்டவில்லை. என் தோளை ஒருமுறை அழுத்திவிட்டு, டப்பாவை வாங்கிக் குப்பைக் கூடையில் கவிழ்த்துவிட்டுப் போனார்.

நான் அவர் பக்கம் திரும்பினேன். “உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“எப்பலேர்ந்து?”

“கொடி வெச்சவனுக்குத் தெரியாதாம்மா, ஊத்தினதெல்லாம் எங்க போகுதுன்னு? ஒண்ணு தின்னப்போ பெருசா தெரியல. மூணு ஆனதும் கால் கனக்க ஆரம்பிச்சுது.”

“தெரிஞ்சுமா தின்னீங்க? நான் அந்தப் பேச்சுப் பேசுறப்பகூடச் சொல்லித் தொலைச்சிருக்கலாம் இல்ல?”

கையிலிருந்து போன இரண்டு குழாய்களில் ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அவர் மெதுவாகப் பேசினார். “நாள் பூரா என்னைச் சந்தேகமாவே பாப்ப. சாயங்காலம் எதிர்ல உக்காந்து தோல் சீவுவ பாரு, அந்தப் பத்து நிமிஷம் மட்டும்தான் உன் முகத்துல கோவம் இருக்காது. அதையும் வேணாம்னு சொல்ல எனக்கு மனசு வரல.”

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அவர் ஊசி இல்லாத கையை நீட்டினார், பிடித்துக்கொண்டேன்.

மெஷின் முடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. ஸ்டூலை இழுத்து அவர் எதிரில் போட்டு உட்கார்ந்தேன். சீவ எதுவும் இல்லை, கொடுக்க எதுவும் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன், அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்று.