இருபத்திரண்டாவது பெயர்

ஐயர் கேட்டது மூன்றே மூன்று பெயர். அப்பா, அப்பப்பா, அவருடைய அப்பா. எம்ரிஸ் வேட்டி மடியிலிருந்து எடுத்து விரித்த தாளில் இருபத்திரண்டு பெயர்கள் இருந்தன.

ஆடி அமாவாசைக் காலை. பான் நகரத்து ரைன் ஆற்றங்கரையில், படகுத்துறைக்குச் சற்றுத் தள்ளி, பதினைந்து இருபது தமிழர்கள் வேட்டியும் தர்ப்பை மோதிரமுமாக நின்றார்கள். சைக்கிளில் போன ஜெர்மன்காரர்கள் ஒரு தரம் பார்த்துவிட்டு, பார்க்காதது போல நாகரிகமாகப் போனார்கள். எம்ரிஸ் வேல்ஸ் நாட்டுக்காரன். மிதுசாவைக் கலியாணம் கட்டி எட்டு வருடம். மாசி மாதம் தகப்பன் இறந்தபோது, “உங்கள் ஆட்கள் அப்பாவுக்குச் செய்வார்களே, அதை நானும் செய்ய வேண்டும்” என்று அவனாகத்தான் கேட்டான். மிதுசாவும் சரி என்றாள். இப்படிப் பட்டியலோடு வந்து நிற்பான் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

தகப்பன் விட்டுப்போன இரண்டு பெட்டிக் காகிதங்களோடு ஐந்து மாதம் தவம் கிடந்தவன் அவன். தேவாலயப் பதிவேடு, நிலப் பத்திரம், வேல்ஸ் நூலகம் ஒன்று இணையத்தில் ஏற்றிவைத்த பழைய ஏடுகள் என்று படிப்படியாக மேலே ஏறினான். அவர்களுக்கும் ஒரு காலத்தில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, நம்மைப் போலத்தான். ‘ரிஸ் அப் இத்தெல்’ என்றால் இத்தெலின் மகன் ரிஸ். இத்தெலோடு ஏணி முடிந்தது. அவன் ஆயிரத்து இருநூற்றுச் சொச்சத்தில் வாழ்ந்த ஒரு மலைநாட்டுச் சிற்றரசனின் தம்பி. அதைக் கண்டுபிடித்த அன்றைக்கு எம்ரிஸ் நடந்த நடையே வேறு.

“மூண்டு தலைமுறை காணும், தம்பி” என்றார் ஐயர்.

“எல்லாருக்கும், ஐயா” என்று எம்ரிஸ் தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிக் கும்பிட்டான். அந்தக் கும்பிடுக்கு ஐயர் விழுந்துவிட்டார். ஒரு பெயர், கொஞ்சம் எள்ளு, ஒரு கை தண்ணீர். அடுத்த பெயர், எள்ளு, தண்ணீர். முறைக்குக் காத்து நின்ற யோகலிங்கம் அண்ணைக்குப் பொறுமை போய்விட்டது.

“உன்ர மனிசன்ர ஆக்கள் முடியவே மாட்டினமோ, பிள்ளை? நான் வேலைக்குப் போகோணும்.”

எல்லோரும் சிரித்தார்கள். மிதுசாவும் சிரித்தாள். ஆனால் உள்ளுக்குள் அவளுக்கு எரிந்தது. இரண்டு வருடத்துக்கு முன் ஐந்தாம் மாதத்தில் அவளுக்கு ஒரு ஆண் பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. அப்படிப் போன பிள்ளைக்குக் கிரியை இல்லை என்றது தமிழ்ச் சனம். ஜெர்மன்காரர் அப்படிப்பட்ட பிள்ளைகளை ‘நட்சத்திரப் பிள்ளைகள்’ என்று அழகாகச் சொல்லி, எல்லாரையும் சேர்த்து இடுகாட்டின் ஒரு மூலையில் அடக்கம் செய்தார்கள். பெயரை யாரும் கேட்கவில்லை. அவசரப்பட்டு முன்கூட்டியே வாங்கின சின்ன வெள்ளிக் கிண்ணம் ஒன்றுதான் மிச்சம். அது வீட்டில் சாமிப் படங்கள் வைக்கும் சாமித்தட்டுக்குப் பின்னால் துணியில் சுற்றிக் கிடந்தது. எழுநூறு வருடத்துக்கு முன் செத்தவனுக்கெல்லாம் தண்ணீர் கிடைக்கிறது, என் பிள்ளைக்கு மட்டும் ஒரு சொட்டு இல்லையா என்று நினைத்தாள்.

அப்போது எம்ரிஸ் கடைசிப் பெயரைப் படித்தான். இத்தெல். உள்ளங்கையைச் சரித்துத் தண்ணீரை விட்டான். இருபத்தொரு தரமும் கேட்ட சளக் என்ற சத்தம் அந்தத் தரம் கேட்கவில்லை. தண்ணீர் கையை விட்டு இறங்கியதை மிதுசா பார்த்தாள். ஆற்றில் விழுந்ததைப் பார்க்கவில்லை. படகுச் சத்தத்தில் கேட்கவில்லையாக்கும் என்று விட்டுவிட்டாள். அப்போது ஆற்றில் படகு எதுவும் இல்லை என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

முதலில் சாமித்தட்டுச் செம்பு. நிறைத்து வைத்த தண்ணீர் மறுநாள் காலையில் அடியோடு காய்ந்திருந்தது. வெயில் காலம்தானே என்று நினைத்தாள். பிறகு பூச்சாடி. பூ வாடவில்லை, தண்ணீர் மட்டும் இல்லை. பிறகு எம்ரிஸ் மேசையில் வைத்துவிட்டு டெலிபோன் எடுக்கப் போன தேநீர். திரும்பி வந்தபோது கோப்பைக்குள் தேயிலைப் பை காய்ந்த சருகாகக் கிடந்தது. இவ்வளவுக்கும் இருவரும் ஏதோ ஒரு சாட்டுச் சொல்லிக்கொண்டார்கள்.

ஆதிரைக்கு வந்ததற்குத்தான் சாட்டுக் கிடைக்கவில்லை. அவர்களின் மகளுக்கு ஆறு வயது. இன்னும் நாலு கிழமையில் பள்ளிக்கூடம் தொடங்குகிறது. முதல் நாள் கொண்டுபோகும் இனிப்புக் கூம்பைக்கூட வாங்கி அலுமாரிக்கு மேல் வைத்தாயிற்று. அந்தப் பிள்ளை அமாவாசைக்கு அடுத்த நாளிலிருந்து தண்ணீர் குடிக்கத் தொடங்கியது. போத்தல் போத்தலாகக் குடித்தது. குழாயில் வாய் வைத்துக் குடித்தது. அவ்வளவு குடித்தும் உதடு வெடித்தது, தோல் காய்ந்தது, ஒரு கிழமையில் இரண்டு கிலோ குறைந்தது. சீனி வருத்தமோ என்று பயந்து மிதுசா பிள்ளையை டொக்டரிடம் கொண்டுபோனாள். இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சீனி இல்லை, சிறுநீரகம் நல்லது, எல்லாம் நல்லது. டொக்டர் அம்மா கண்ணாடியைக் கழற்றி, “எனக்கே விளங்கவில்லை” என்றாள். ஜெர்மன் டொக்டர் ஒருத்தி அப்படிச் சொல்லி மிதுசா கேட்டது அதுதான் முதல் தரம்.

வீட்டுக்கு வந்ததும் பிள்ளை மறுபடி குழாயைத் திறந்தது.

“காணும், ஆதிரை. அவ்வளவு தாகமோ உனக்கு?”

“எனக்குத் தாகமில்லை, அம்மா.” பிள்ளை சாதாரணமாகத்தான் சொன்னது. “அவருக்கு விழுங்க ஏலாதாம். அதுதான் நான் குடிச்சுக் குடுக்கிறன்.”

“ஆருக்கு?”

“அப்பா தண்ணி குடுத்த ஆளுக்கு. கடைசி ஆளுக்கு.”

மிதுசா குழாயை இறுக்கி மூடினாள். பிள்ளைக்குப் பின்னால் சமையலறைச் சுவர்தான் இருந்தது. ஆனாலும் பிள்ளை ஒருவர் நிற்க இடம் விட்டு, சற்று ஒதுங்கியே நின்றது.

மிதுசாவுக்கு வேலை ஒரு காப்புறுதி அலுவலகத்தில். வருகிற விண்ணப்பங்களில் எது எதோடு ஒட்டவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் அவளுடைய பிழைப்பு. அன்று பின்னேரம் எம்ரிஸின் பட்டியலை மேசையில் விரித்து, மேலிருந்து கீழே ஒவ்வொரு பெயராகப் பார்த்துக்கொண்டு போனாள். இருபத்தொன்று வரை எல்லாம் ஒழுங்கு. ரிஸ் பிறந்தது 1301. அவனுடைய அப்பன் என்று எழுதியிருக்கும் இத்தெல் இறந்தது 1282.

“செத்துப் பத்தொன்பது வருடம் கழித்தா இவனுக்குப் பிள்ளை பிறந்தது?” என்று ஜெர்மனில் கேட்டாள். அவர்கள் இருவருக்கும் பொதுவான மொழி அதுதான்.

எம்ரிஸ் கணினியில் அந்த ஏட்டுப் பக்கத்தைத் திறந்தான். இத்தெல் என்ற பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. பழைய வேல்ஷ். தட்டுத்தடுமாறிப் படித்தான். “அண்ணனுக்காகப் பிணையாகப் பிடிபட்டவன். கோபுரத்தின் அடிக்குழியில் தண்ணீர் கிடைக்காமல் இறந்தான். பிள்ளை இல்லை.”

“இந்த வரியை முதலே பார்த்தாயா?”

“பார்த்தேன். வேறு யாரையோ பற்றியது என்று நினைத்தேன்.”

“நினைத்தாயா, அப்படி இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாயா?”

அவன் முகம் சிவந்துபோயிற்று. அதே பள்ளத்தாக்கில் இன்னொரு இத்தெல் இருந்தான். பன்றி மேய்த்தவன். ரிஸுக்கு அப்பன் அவன்தான். பரம்பரையில் ஒரு அரச வீட்டுப் பிள்ளை இருந்தால் யாருக்குத்தான் கசக்கும்? பன்றி மேய்த்தவனை ஓரமாகத் தள்ளிவிட்டு இவனைத் தூக்கி வைத்துக்கொண்டான் எம்ரிஸ். ஒரு பிள்ளையும் இல்லாமல், ஒரு வாய் தண்ணீர் இல்லாமல் குழிக்குள் கிடந்து செத்தவனை, எழுநூற்றுச் சொச்சம் வருடம் கழித்து ஒருவன் அப்பன் முறை சொல்லி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கையில் தண்ணீரோடு நிற்கிறான். வராமல் இருப்பானா?

எம்ரிஸ் சிவப்புப் பேனாவை எடுத்து அந்தப் பெயரை வெட்டினான். சாமித்தட்டின் முன்னால் நின்று தன் மொழியில் ஏதோ உரத்துச் சொன்னான். “நீ எங்கள் ஆள் இல்லை, தவறு நடந்துவிட்டது, மன்னித்துப் போய்விடு” என்று சொன்னதாக அவளுக்கு விளக்கினான்.

பத்து நிமிடம் ஆகவில்லை. உள் அறையில் ஆதிரை இருமினாள். ஓடிப்போய்ப் பார்த்தால், வாயில் வைத்த தண்ணீர் உள்ளே இறங்காமல் கடைவாயால் வழிந்துகொண்டிருந்தது. விழுங்கப் பார்த்துப் பார்த்துத் தோற்றுப்போனது பிள்ளை. மிதுசா தேக்கரண்டியால் கொடுத்தாள். அதுவும் வழிந்தது. டொக்டரைக் கூப்பிட்டார்கள். அவள் மருத்துவமனையோடு பேசிவிட்டு, நாளை காலை எட்டு மணிக்குக் கொண்டுவாருங்கள், சேலைன் ஏற்ற வேண்டும், அதற்குள் பிள்ளை சோர்ந்தால் உடனே அம்புலன்ஸை அழையுங்கள் என்றாள். எம்ரிஸ் பையில் பிள்ளையின் உடுப்புகளை எடுத்துவைத்தான். அழுதுகொண்டே மடித்தான்.

மிதுசா ஐயருக்கு டெலிபோன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னாள்.

“ஆருமில்லாத ஆக்களுக்கெண்டு கடைசியில ஒரு தண்ணி இருக்கு, பிள்ளை. அதை அண்டைக்கு நான் குடுத்தனான்” என்றார் ஐயர். “ஆனா அவர் அதை எடுத்திருக்க மாட்டார். பேர் சொல்லிக் கூப்பிட்டவனை இனி ஆருமில்லாதவன் எண்டு சொல்ல ஏலுமோ? பிள்ளை இருக்கு எண்டு நம்பி வந்தவர். இப்ப இல்லையெண்டால் எங்க போறது?”

“அப்ப நான் என்ன செய்யிறது, ஐயா?”

“எனக்குத் தெரியேல்லை, பிள்ளை. பொய் சொல்லக் கூடாது. சாத்திரத்தில இதுக்கு ஒண்டும் இல்லை.”

டெலிபோனை வைத்துவிட்டு மிதுசா பட்டியலின் முன் உட்கார்ந்தாள். சிவப்புக் கோட்டுக்கு அடியில் அந்தப் பெயர் தெரிந்தது. அதன் கீழே வெறும் இடம். பிள்ளை இல்லாத ஒருவன். சாமித்தட்டுக்குப் பின்னால் துணியில் சுற்றின கிண்ணம். தகப்பன் பெயர் இருந்தும் ஒரு பட்டியலிலும் ஏறாத பிள்ளை.

அந்தப் பிள்ளையை இவனுக்குப் பிள்ளையாக எழுதிவிடுவதா? கொடுத்துவிடுவதா? தாகத்தால் செத்தவன் கையிலா? அவன் நல்லவனா கெட்டவனா என்று யாருக்குத் தெரியும்? உயிரோடு இருக்கிற பிள்ளையையே இந்தப் பாடு படுத்துகிறவன், அந்தச் சிசுவின் வாயில் விழும் சொட்டையும் பிடுங்கிக் குடித்துவிட மாட்டானா? உள் அறையில் ஆதிரை மறுபடி இருமினாள்.

மிதுசா எம்ரிஸைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவனும் அந்தப் பிள்ளைக்கு அப்பன். கேட்காமல் செய்ய அவளுக்கு மனம் வரவில்லை.

“அதற்குப் பெயர் இல்லையே” என்றான் அவன்.

“இருக்கு. நான் வைத்தேன். உனக்குச் சொல்லவில்லை.”

அவன் பேனாவை எடுத்து அவள் கையில் வைத்தான். மிதுசா இத்தெலின் கீழே ஒரு கோடு இழுத்து, கோட்டின் நுனியில் எழுதினாள். ‘நிலவன் அப் இத்தெல்.’ சாமித்தட்டில் பெரிய செம்பு நிறையத் தண்ணீர் வைத்தாள். பக்கத்தில் வெள்ளிக் கிண்ணத்தைத் துணியிலிருந்து எடுத்துத் துடைத்து, அதிலும் நிறைத்தாள்.

“உங்கட பிள்ளை” என்று தமிழில் சொன்னாள். “என்ர பிள்ளையை விடுங்கோ.”

அதன் பிறகு ஒரு மணி நேரம் கழித்து ஆதிரை ஒரு தேக்கரண்டித் தண்ணீரை விழுங்கினாள். பிறகு அரை டம்ளர். பிறகு போதும் என்று டம்ளரைத் தள்ளிவிட்டு நித்திரையாகிவிட்டாள். அந்தப் ‘போதும்’ என்ற சொல்லைக் கேட்டு எம்ரிஸ் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

காலையில் பிள்ளை தானே எழும்பி வந்து, முட்டை பொரித்துத் தரச் சொன்னது. உதடு ஈரமாக இருந்தது. மருத்துவமனைப் பை கதவடியில் அப்படியே இருந்தது. எட்டு மணிக்குப் போய்க் காட்டத்தான் வேண்டும், காட்டுவார்கள். அதற்கு முன் மிதுசா சாமித்தட்டுக்குப் போனாள். செம்பு காலியாக இருக்கும், கிண்ணமும் காலியாக இருக்கும், எல்லாவற்றையும் அவனே குடித்திருப்பான் என்று மனத்தைக் கல்லாக்கிக்கொண்டுதான் போனாள்.

செம்பில் தண்ணீர் விளிம்பு வரை அப்படியே நின்றது. ஒரு சொட்டும் குறையவில்லை. கிண்ணம்தான் துடைத்தது போலக் காய்ந்திருந்தது.

அவள் கிண்ணத்தை மறுபடி நிறைத்தாள். மருத்துவமனையிலிருந்து திரும்பி வந்து பார்த்தபோது அது காலியாக இருந்தது. செம்பு நிறைந்தே இருந்தது. பின்னேரமும் அப்படித்தான். அன்று இரவு நிறைத்த கிண்ணத்தில் அடுத்த நாள் காலை பாதி மிஞ்சியிருந்தது. குடித்தது போதும் என்று நிலவன் விட்டுவிட்ட பாதி.

பிள்ளை குடித்து முடிக்கும் வரை காத்திருந்தது போல, அன்றைக்குத்தான் செம்பில் தண்ணீர் குறைந்திருந்தது. மிதுசா தட்டைப் பிடித்துக்கொண்டு, இரண்டு வருடமாக அழாத அழுகையை அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு இரண்டையும் நிறைத்து வைத்தாள்.