திருத்தம் உண்டு, திருத்தம் இல்லை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கதை எழுதவேண்டும் என்று நான் உட்காரவில்லை. என் மேசையில் மூன்று தாள்கள் இருக்கின்றன. அவற்றில் கையெழுத்துப் போட வேண்டும். போடப் பயமாக இருக்கிறது. அதனால் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இப்போது பிற்பகல் இரண்டேகால். மூன்று நாற்பதுக்குள் ஏதாவது ஒன்று முடிந்தாக வேண்டும்.

மூன்று தொடக்கங்களை எழுதிப் பார்த்தேன்.

"போர் ஐந்தாவது ஆண்டில் நுழைந்தபோது, நாட்டின் நாடாளுமன்றத்தில்" — வேண்டாம். செய்தி வாசிப்பது போல இருக்கிறது.

"இருபத்தாறு வருட வேலையில் அக்கா ஒரு தப்புகூட" — இது உண்மைதான். ஆனால் இப்படித் தொடங்கினால், இந்தத் தடவை தப்புச் செய்துவிட்டாள் என்று முதல் வரியிலேயே தீர்ப்புச் சொன்னதாகிவிடும். அது தப்பா இல்லையா என்று எனக்கே தெரியாது.

"அந்தப் பேச்சை எழுதிக் கொடுத்தவன்" — இதைக் கொஞ்சம் தள்ளிப்போடுகிறேன். தைரியம் வரட்டும்.

2

கதையின் நாயகி என் அக்கா. சபையில் சுருக்கெழுத்தாளர். சபாநாயகரின் ஆசனத்துக்குக் கீழே ஒரு சின்ன மேசை உண்டு. அங்கே ஐந்து நிமிடம் உட்கார்ந்து, காதில் விழுவதையெல்லாம் சுருக்கெழுத்தில் எடுக்க வேண்டும். ஐந்தாவது நிமிடம் அடுத்தவர் வந்து தோளைத் தொடுவார். நாற்காலியின் சூடு ஆறுவதற்குள் ஆள் மாறிவிடும். எழுந்தவர் மாடி அறைக்குப் போய், எடுத்ததைத் தட்டச்சு செய்ய வேண்டும்.*

(* ஒலிப்பதிவு இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் சபை விதிப்படி, அச்சில் வருவதுதான் பேச்சு. அச்சுக்கும் ஒலிப்பதிவுக்கும் சண்டை வந்தால் அச்சுதான் ஜெயிக்கும்.)

தட்டச்சான தாள், பேசியவரின் அலுவலகத்துக்கு வரும். இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் அவர் தரப்பில் யாராவது படித்து, பிழை இருந்தால் காட்டலாம். தாளின் அடியில் "திருத்தம் உண்டு", "திருத்தம் இல்லை" என்று இரண்டு வரிகள் இருக்கும். ஒன்றை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். நேரம் தாண்டிவிட்டால் திருத்தம் இல்லை என்று அர்த்தம். மறுநாள் காலை அது அச்சாகி, ஒவ்வொரு உறுப்பினரின் மேசையிலும் கிடக்கும்.

பாதுகாப்பு அமைச்சரின் தாள்களைப் படித்துக் கையெழுத்துப் போடுகிறவன் நான். நேற்று மூன்று நாற்பதுக்கு வந்த தாள்கள் இவை. கீழே அக்காவின் முதலெழுத்து இருக்கிறது.

3

இனி ஆண்களைப் பற்றி. இரண்டே பேர்தான்.

சபாநாயகருக்கு வலப்பக்கம் ஆளுங்கட்சி, இடப்பக்கம் எதிர்க்கட்சி. நான்கு வருடத்துக்கு முன் வலப்பக்கத்திலிருந்து ஒரு மசோதா வந்தது: இரண்டு வருடப் படைப்பணி முடித்த பையன்களை இன்னும் ஒரு வருடம் எல்லையிலேயே நிறுத்திவைக்க வேண்டும். இடப்பக்கத்திலிருந்து ஒருவர் எழுந்து, சபையே கிடுகிடுக்கும்படி எதிர்த்துப் பேசினார். சுருக்கெழுத்து அறையில் அவருக்குத் தொண்டை என்று பெயர். மசோதா நிறைவேறியது, அந்த ஆண்டுப் பையன்களோடு காலாவதியும் ஆனது. பிறகு தேர்தல் வந்தது. இரண்டு கட்சிகளும் இருக்கை மாறி உட்கார்ந்தன.

இப்போது தொண்டைதான் பாதுகாப்பு அமைச்சர். நேற்று அவர் கொண்டுவந்தது, ஒரு காற்புள்ளிகூட மாறாமல், அதே மசோதா. அன்று அதைக் கொண்டுவந்தவர் இன்று எதிர்க்கட்சித் தலைவர். தாய்மார்களை நினைத்து நேற்று சபையில் கண்ணீர் விட்டார். அவருக்குக் கைக்குட்டை என்று புதுப்பெயர் வைத்தாயிற்று.

கூட்டத்துக்கு முன்னால், டீ எடுக்கப் போன அக்கா இருவரையும் ஒரே மேசையில் பார்த்தாள்.

"குரல் வாக்கெடுப்புதானே?" என்றார் கைக்குட்டை.

"பின்ன? நம்ம ஆளுங்கள ஒவ்வொருத்தரா எழுப்பி நிக்கவெச்சா எத்தனை பேரு கழண்டுக்குவான்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

"எண்ணச் சொல்லி நாங்க கேக்கமாட்டோம். ஆனா நான் கொஞ்சம் அழுதுக்குவேன்."

"தாராளமா அழுங்க. சர்க்கரை போதுமா?"

(குரல் வாக்கெடுப்பு தெரியாதவர்களுக்கு: எல்லோரும் உட்கார்ந்தபடியே ஆம் என்றோ இல்லை என்றோ கத்துவார்கள். எந்தச் சத்தம் பெரிது என்று சபாநாயகர் சொல்லுவார். யார் எதைக் கத்தினார் என்பது எந்த ஏட்டிலும் ஏறாது. ஒருவர் எழுந்து "எண்ணுங்கள்" என்று கேட்டுவிட்டால் போச்சு. அப்புறம் ஒவ்வொருவரும் எழுந்து நிற்க வேண்டும், பேர் பதிவாகும்.)

4

அக்காவுக்கு ஒரே பிள்ளை. எட்டு மாதத்தில் பிறந்ததால் பொடியன். இப்போது ஆறடி, வாசல்நிலையில் குனிந்துதான் வருவான், பேர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. எல்லையில் இருக்கிறான். வரும் பதினாலாம் தேதியோடு இரண்டு வருடம் முடிகிறது. அவன் மெத்தை உறையைத் துவைத்து மடித்து வைத்துவிட்டாள். சைக்கிளுக்குக் காற்றடித்து வைத்திருக்கிறாள். ஒன்பது நாளாக அவனிடமிருந்து ஃபோன் இல்லை.

நேற்று அமைச்சர் பேச்சின் கடைசி ஐந்து நிமிடம் அவள் முறை. "தேதியைவிட நாடு பெரிது," என்றார் தொண்டை. "இன்னும் ஓராண்டு இருந்துவிட்டு வா மகனே என்று சொல்லாத தாய் இந்த மண்ணில் இல்லை!" வலப்பக்கம் மேசையைத் தட்டியது. அக்காவின் கை எழுதிக்கொண்டே இருந்தது. இருபத்தாறு வருடப் பழக்கம், மனம் எங்கே போனாலும் கை போகாது. அடுத்தவர் வந்து தோளைத் தொட்டபோது அவள் எழவில்லை. இரண்டாவது தடவை தொட வேண்டியிருந்தது.

மாடி அறையில், மேசைமேல் இரண்டு நோட்டுகள். ஒன்று நேற்றையது. இன்னொன்று நான்கு வருடத்துக்கு முந்தையது. பழைய நோட்டுகளை ஐந்து வருடம் அலமாரியில் வைத்திருப்பது வழக்கம். நேற்றுக் காலைதான் அக்கா அதை எடுத்து வந்திருந்தாள். நான்கு வருடத்துக்கு முன்பும் தொண்டையின் கடைசி ஐந்து நிமிடம் அவள் முறைதான். இரண்டுக்கும் அதே சாம்பல் அட்டை, அதே ரப்பர் பட்டை.

இதே மனிதர் அன்று என்ன சொன்னார் என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளத்தான் எடுத்து — (இது நானாக எழுதியது. அவள் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. அடித்துவிடுகிறேன்.)

பிள்ளையின் நினைப்பில், எந்த நோட்டு என்று பார்க்காமல் — (இதுவும்.)

கணக்காகத் திட்டமிட்டு, அமைச்சரை மாட்டிவிட — (அக்காவா? பேருந்தில் சில்லறை அதிகம் வந்தால் இறங்கிய பிறகும் திரும்ப ஓடிப்போய்க் கொடுக்கிறவள்.)

ஏன் என்பது எனக்குத் தெரியவில்லை. அவள் பழைய நோட்டைப் பார்த்துத் தட்டச்சு செய்தாள். நேற்றைய தேதியைப் போட்டாள். எனக்கு அனுப்பினாள். அவ்வளவுதான் தெரியும்.

5

தாளில் இருப்பது இது:

"அனுப்பும்போது ஒரு தேதி சொன்னீர்கள். அந்தத் தேதியில் வாசலில் வந்து நிற்பாளே ஒருத்தி, அவளிடம் யார் போய்ச் சொல்வது? நீங்கள் போவீர்களா? போனால் என்னையும் கூட்டிப்போங்கள், அவள் முகத்தை நானும் பார்க்கிறேன். ஒரு நாள்கூட நீட்டிக்க விடமாட்டோம்!"

நல்ல பேச்சு. நான்தான் எழுதினேன். நேற்றைய "தேதியைவிட நாடு பெரிது" என்பதையும் நான்தான் எழுதினேன். போதுமா? சொல்லிவிட்டேன். அன்று எந்தத் தாயையும் நினைத்து எழுதவில்லை. கைதட்டலை நினைத்து எழுதினேன். நேற்றையதை எழுதும்போது மட்டும் ஒரு தாய் நினைவுக்கு வந்தாள். அந்த வரியை வேகமாக எழுதி முடித்துவிட்டு டீ குடிக்கப் போனேன். அதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

நேற்று மாலை அக்காவுக்கு ஃபோன் செய்தேன்.

"அக்கா, தாள் வந்துச்சு."

"படிச்சியா?"

"படிச்சேன். இது இன்னைக்குப் பேசினது இல்லக்கா."

அந்தப் பக்கம் குக்கர் சத்தம் கேட்டது. அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"அவரு பேசினதுதானே?"

"அவரு பேசினதுதான்."

"நீ எழுதிக் குடுத்ததுதானே?"

நான் தாளைப் புரட்டினேன்.

"அப்ப என்ன தப்புன்னு நீயே பாத்துச் சொல்லுடா. திருத்தறது உன் வேலை. எடுக்கறதுதான் என் வேலை."

"அக்கா, இது அச்சாச்சுன்னா உன்னை விடமாட்டாங்க. நோட்டைக் கேப்பாங்க. உனக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான் சர்வீஸ் இருக்கு."

"அவனுக்குப் பதினோரு நாள்தான் இருக்கு," என்றாள். பிறகு, "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

6

இதுபோன்ற கதைகளில் இந்த இடத்தில் சில முடிவுகளைத் தட்டில் வைத்து நீட்டுவது வழக்கம். நானும் நீட்டுகிறேன்.

முதல் முடிவு. "திருத்தம் உண்டு" என்று எழுதி, தாளை மாற்றச் சொல்கிறேன். அக்காவுக்கு ஒரு மெமோ, அவ்வளவுதான். நாளைக் காலை வாக்கெடுப்பில் சபை கத்துகிறது, மசோதா நிறைவேறுகிறது. பொடியன் இன்னும் ஒரு வருடம் அங்கேயே. அடுத்த வாரம் நான் அக்கா வீட்டுக்குப் போகிறேன், அவள் கதவைத் திறக்கிறாள், சாப்பாடு போட்டுவிட்டு உள்ளே போய்விடுகிறாள். (இதற்கு மேல் எழுத முடியவில்லை.)

இரண்டாவது. சும்மா இருக்கிறேன். அச்சாகிறது. நாளைக் காலை ஒவ்வொரு மேசையிலும், பாதுகாப்பு அமைச்சரே தன் மசோதாவை எதிர்த்துப் பேசிய பேச்சு. யாரோ பின்வரிசைக்காரர் சிரித்துக்கொண்டே எழுந்து "எண்ணுங்கள்" என்கிறார். அப்புறம்? நேற்று அழுதவர்கள் நாளை எந்தப் பக்கம் எழுந்து நிற்பார்கள்? மசோதா தோற்கலாம். தோற்காமலும் போகலாம். அக்காவின் வேலை போவது மட்டும் நிச்சயம். என் வேலையும் போகும், ஆனால் அதை நான் கடைசியில்தான் நினைத்தேன். (பொய். முதலில் நினைத்தேன்.)

மூன்றாவதில், அமைச்சரே தாளைப் படித்து, தன் பழைய பேச்சில் மனம் கரைந்து — இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர் எந்தத் தாளையும் படிப்பதில்லை.

7

மூன்று இருபது. இந்த இடத்தில் பேனாவை உங்களிடம் கொடுத்துவிட்டு, "முடிவு உங்கள் கையில், வாசகரே" என்று சொல்லிக் கழன்றுகொள்ளலாம் என்று இருந்தேன். அந்த வரியைக்கூட எழுதி வைத்திருந்தேன். அப்போதுதான் ஃபோன் அடித்தது.

"மாமா! நான்தான். டவர் விழுந்துடுச்சு, இன்னைக்குத்தான் சரி பண்ணாங்க. அம்மா ஏன் எடுக்கல?"

"சபையில இருப்பா. உள்ள ஃபோன் கொண்டுபோகக் கூடாது. நீ நல்லா இருக்கியாடா?"

"இருக்கேன் மாமா. பேச நேரமில்ல, பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க. பதினாலாம் தேதி ரயிலுக்கு எல்லாரும் டிக்கெட் போடறாங்க. சில பேரு, அதெல்லாம் நடக்காது, இன்னும் ஒரு வருஷம்னு சொல்றாங்க. நீங்க அங்கதானே இருக்கீங்க, உங்களுக்குத் தெரியாமலா? போடவா, வேண்டாமா?"

"அரை மணி நேரத்துல சொல்றேன்."

"சரி மாமா. அம்மாகிட்ட சொல்லுங்க, நான் இளைச்சுட்டேன்னு மட்டும் சொல்லாதீங்க."

வைத்துவிட்டான். நான் எழுதி வைத்திருந்த வரியை மறுபடி படித்தேன். முடிவு உங்கள் கையில், வாசகரே. படித்த ஒவ்வொருவரும் இருந்த இடத்திலிருந்தே ஆம் என்றோ இல்லை என்றோ மனசுக்குள் கத்திவிட்டு, அடுத்த பக்கம் போய்விடலாம். யார் எதைக் கத்தினார் என்று எங்கும் பதிவாகாது. டீ மேசையில் அந்த இருவரும் பேசி வைத்துக்கொண்டது இதுதான். அந்த வரியை அடித்துவிட்டேன்.

மூன்று முப்பத்தாறு. தாள் வாங்க வந்த அலுவலக உதவியாளர் வாசலில் நிற்கிறார். "சார், போட்டாச்சா?" என்கிறார்.

"எண்ணுங்கள்" என்று கேட்கிறேன். உங்களிடம்தான். என் கையில் பேனா இருக்கிறது. இரண்டு வரிகளில் ஒன்றை அடித்துவிட்டேன். கீழே என் முழுப்பெயரையும் எழுதிவிட்டேன். எதை அடித்தேன் என்று நீங்கள் எழுந்து நின்ற பிறகு சொல்கிறேன்.

நான் நின்றுகொண்டிருக்கிறேன்.