பதினேழாம் அத்தியாயத்துச் சமையல்காரர்

அத்தானின் கையெழுத்தை உலகத்தில் இரண்டு பேரால்தான் படிக்க முடியும். ஒருவர் அத்தான். அவராலும் எழுதிய அன்றைக்கே படித்தால்தான் உண்டு. இன்னொருத்தி நான்.

அக்காவின் கணவரான அவர் சரித்திர நாவல் எழுதுகிறவர். எல்லாமே போர்க் கதைகள். காலையில் டீ குடித்த கையோடு மேசைக்கு முன்னால் உட்கார்ந்தாரென்றால் பன்னிரண்டு மணிக்குள் ஒரு கோட்டையாவது விழுந்துவிடும். அம்மா போன பிறகு நானும் அண்ணனும் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டோம். ஒன்பதாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டு வீட்டில் இருந்த எனக்கு அத்தானின் தாள்களைப் படியெடுக்கும் வேலை வந்து சேர்ந்தது. நான் எடுத்த படி நேரே அச்சகத்துக்குப் போகும். அதை அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். அச்சாகி வந்த புத்தகத்தையும் பிரிக்க மாட்டார்.

"சமைச்சவனுக்குச் சாப்பாடு இறங்காதும்மா" என்பார்.

ஆனால் வாசகர் கடிதங்கள் வந்தால் ஒரு வரி விடாமல் படிப்பார். சாப்பாடு ஆறிப்போனாலும் சரி. 'யானைப் படை எங்கள் வீட்டுக் கூடத்துக்குள் புகுந்தது போல் இருந்தது' என்று ஒருவர் எழுதுவார். 'இரத்த ஆறு ஓடும் அத்தியாயத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் அலுவலகத்தில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன்' என்று இன்னொருவர். எல்லாருக்கும் மேலே ஒரு பல் மருத்துவர் இருந்தார். எப்போதும் பச்சை மையில் எழுதுவதால் எங்கள் வீட்டில் அவருக்குப் பச்சை மை என்றே பெயர். 'சென்ற நாவலில் நானூறு பக்கத்துக்கு மூன்றே போர்கள். வாசகர்களைப் பட்டினி போடாதீர்கள்' என்று ஒரு தடவை கண்டித்து எழுதியிருந்தார். அத்தான் மறுநாளே இரண்டு போர்களைச் சேர்த்தார்.

பின்னறையில் அண்ணன் இருந்தான். நிஜமான போருக்குப் போய்வந்தவன். கை கால் எல்லாம் முழுசாகத்தான் திரும்பினான், பேச்சைத்தான் எங்கேயோ விட்டுவிட்டான். கேட்டதற்கு ஒரு வார்த்தை, கேட்காததற்கு அதுவும் இல்லை. அவன் அறையில் ஒரு பழைய மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருக்கும். ஒருநாள் மத்தியானம் மின்சாரம் போய் அது நின்றபோது, நான் அங்கே துணி மடித்துக்கொண்டிருந்தேன். யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வது போல அண்ணன் தானாகப் பேசினான். கால் மணி நேரம் பேசினான். மின்சாரம் வந்ததும் நிறுத்திவிட்டான்.

அதிலிருந்து தினமும் இரண்டு மணிக்கு நான் போய் விசிறியை நிறுத்துவேன். அவனுக்கும் அது தெரியும். வேர்த்து ஊற்ற ஊற்ற உட்கார்ந்து பேசுவான். அந்தக் கால் மணி நேரத்தில்தான் எனக்கு அண்ணன் இருந்தான்.

அப்படித்தான் சமையல்காரரைப் பற்றிச் சொன்னான். முகாமில் சமைத்துக்கொண்டிருந்தவர். குண்டு விழத் தொடங்கியதும் எல்லாரும் பதுங்குகுழிக்குள் இறங்கிவிட்டார்கள். அவரும் இறங்கிவிட்டார். பிறகு, சோற்றுப் பானையை மூடாமல் வந்துவிட்டேன், மண் விழுந்துவிடுமே என்று ஏறிப் போனார்.

"மூடிட்டாரு. மூடி மேலயே கவுந்து கிடந்தாரு. சாயங்காலமா நாங்க வெளிய வந்தோம். ரெண்டு நாளா பசி. அவர நகத்திப் போட்டுட்டு மூடியத் தொறந்தா, சோத்துல ஒரு பொட்டு மண்ணு இல்ல."

"அப்புறம்?"

"சாப்பிட்டோம். பக்கத்துலயே உக்காந்து. நான் ரெண்டாம் தடவையும் போட்டுக்கிட்டேன்." கொஞ்ச நேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நல்லா இருந்துச்சு. இது உன்னோட இருக்கட்டும், சின்னவளே. வெளிய போச்சுன்னா அப்புறம் நான் வாயத் திறக்க மாட்டேன்."

சரி என்றேன்.

அந்த வாரம் அத்தான் ஒரு முற்றுகையை எழுதிக்கொண்டிருந்தார். சாப்பிடும்போது அண்ணனைப் பார்த்து, "ஏன் மாப்ள, குண்டு விழுறப்ப எப்படி இருக்கும்? ஒரு வார்த்த சொல்லேன், பதினேழாம் அத்தியாயத்துக்கு ஆகும்" என்றார்.

"சத்தமா இருக்கும்" என்றான் அண்ணன்.

"இவன் சண்டைக்குப் போனானா, கல்யாண வீட்டுக்குப் போனானா?" என்று அத்தான் சிரித்தார். அக்காவும் சிரித்தாள். அண்ணன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனான்.

மறுநாள் பதினேழாம் அத்தியாயத்தைப் படியெடுக்க உட்கார்ந்தேன். அதில் முந்நூறு பேர் சிரித்துக்கொண்டே செத்தார்கள். எனக்குக் கை ஓடவில்லை. ஒரு பக்கத்தை எடுத்து வைத்துவிட்டு, அந்த இடத்தில் நானே ஒரு பக்கம் எழுதினேன். குண்டை அம்பாக்கினேன், முகாமைக் கோட்டையாக்கினேன். மற்றதெல்லாம் அண்ணன் சொன்னதுதான். ரெண்டாம் தடவை போட்டுக்கொண்டது வரைக்கும். படிக்கிறவர்கள் ஒருவராவது வெட்கப்படட்டும் என்று நினைத்தேன். அத்தான் எப்படியும் பார்க்க மாட்டார். அண்ணன் நாவல் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டான். யாருக்குத் தெரியப்போகிறது?

புத்தகம் வந்த மூன்றாம் வாரம் கடிதங்கள் வந்து குவிந்தன. எல்லாவற்றிலும் சமையல்காரர். 'கண்ணீரால் பக்கம் நனைந்தது' என்று ஒருவர். 'மூடியையே கேடயமாக்கிய மாவீரன்!' என்று பச்சை மை. அத்தான் என்னைக் கூப்பிட்டார்.

"எந்தச் சமையல்காரனச் சொல்றாங்க?"

புத்தகத்தைப் பிரித்துக் காட்டினேன். அவருடைய சொந்தப் புத்தகத்தை அவர் படித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. இரண்டு தடவை படித்தார். என்னைப் பார்த்தார்.

"இது நான் எழுதினதுதானே?"

"உங்க தாள்ல இருந்ததுதான் அத்தான்."

"ம்ம். அன்னிக்கு எனக்குக் காய்ச்சல்" என்றார். பிறகு முகம் மலர்ந்தது. "காய்ச்சல்ல கூட எப்படி வந்திருக்கு பாரு!"

அந்த மாதக் கடைசியில் வாசகர் வட்டம் கூடியது. ஒவ்வொரு புத்தகத்துக்கும் அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மிகச் சிறந்த போர்க்களக் காட்சியை வாக்கெடுத்துத் தேர்ந்தெடுப்பார்கள். யாராவது ஒருவர் எழுந்து அதை உணர்ச்சியோடு படிக்க, மற்றவர்கள் மேசையைத் தட்டுவார்கள். அண்ணனும் வர வேண்டும் என்று அக்கா பிடிவாதம் பிடித்தாள். "நம்ம வீட்டுலயே ஒரு போர்வீரன் இருக்கான்னு நாலு பேருக்குத் தெரியட்டுமே! சும்மா உக்காந்திருடா, போதும்" என்று சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. எந்தக் காட்சி என்று கேட்கவும் பயமாக இருந்தது.

நூலகத்தின் மாடியில் நீளமான அறை. அறுபது எழுபது பேர். அண்ணனை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். நான் அவனுக்குப் பக்கத்தில். பச்சை மை எழுந்தார். ஒல்லியான, சுத்தமான மனிதர். கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பதினேழாம் அத்தியாயத்தைப் பிரித்தார்.

நன்றாகத்தான் படித்தார். சமையல்காரர் ஏறிப் போன இடத்தில் அவர் குரல் உடைந்தது. மேசைகள் தடதடத்தன. அண்ணன் அசையவே இல்லை. மூடியைத் திறந்த இடம் வந்தபோது அவன் மெதுவாகக் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். அறிமுகமில்லாத ஒருத்தியைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

படித்து முடித்த பச்சை மை புத்தகத்தை மூடவில்லை. "ஒரே ஒரு சின்னக் குறைங்க. அந்தச் சாப்பிடுற இடம் மட்டும் நெஞ்சுல முள்ளாக் குத்துது. பக்கத்துல பிணம் கெடக்கு, இவனுங்க உக்காந்து சாப்பிடுறானுங்க, அதுலயும் ஒருத்தன் மறுசோறு வேற! வீரன்னா அப்படிச் செய்வானா?"

"செய்ய மாட்டான்!" என்று பின்னாலிருந்து ஒரு அம்மாள் சொன்னார். "அவன் மனுஷனே கிடையாது."

"நம்மகிட்டயே கேக்கறதுக்கு ஆள் இருக்கே!" என்று யாரோ சொல்ல, எல்லாரும் அண்ணனைப் பார்த்தார்கள். பச்சை மை மிகவும் மரியாதையாகக் குனிந்தார். "நீங்க சொல்லுங்க தம்பி. நிஜத்துல அப்படி நடக்குமா?"

அண்ணன் எழுந்து நின்றான். கைகள் இரண்டும் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருந்தன.

"நடக்காது" என்றான். "யாரும் சாப்பிட மாட்டாங்க."

அறையே கைதட்டியது. ஒருவர் வந்து அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். அத்தான் எழுந்து, அடுத்த பதிப்பில் திருத்திவிடுவதாக வாக்குக் கொடுத்தார்.

அவர் சொன்ன சொல் தவறாதவர். மறுநாள் காலையிலேயே புதுப் பக்கம் தயாராகிவிட்டது. அதில் வீரர்கள் ஆளுக்கு ஒரு பிடி சோற்றைக் கையில் ஏந்தி, பழிவாங்காமல் உண்ணமாட்டோம் என்று சபதம் செய்கிறார்கள். பானை அப்படியே நிறைந்திருக்கிறது.

"இத மட்டும் அழகா எடுத்துக் குடும்மா, அச்சகத்துல நிக்கிறாங்க" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். இந்த முறை ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை.

இரண்டு மணிக்குப் பின்னறைக்குப் போனேன். அண்ணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். நான் விசிறியை நிறுத்தினேன். அது வேகம் குறைந்து குறைந்து நின்றது. தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பும் சத்தம் கேட்டது. வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, மடிக்க வேண்டிய துணியை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

அண்ணன் எழுந்து என்னைத் தாண்டிப் போய் விசிறியைப் போட்டான்.

"வேர்க்குது" என்றான்.