சூப்புக்காரி பெனிதா வருவாளா

எங்கள் சுருட்டாலையில் கை இலையைச் சுருட்டும், காது கதை கேட்கும். எங்களுக்கு வாசித்துக் காட்டவே சம்பளத்துக்கு வைத்த எவாரிஸ்தோ மேடையில் உட்கார்ந்து நாவல் வாசிப்பார். பிடித்திருந்தால் இலை வெட்டும் கத்தியால் பலகையைத் தட்டுவோம். பிடிக்காவிட்டால் கத்தியைத் தரையில் போடுவோம்.

மூன்றாம் அத்தியாயத்தில் நாயகி ஹவானாவுக்கு ஓடிப்போகிறாள். ரயிலடியில் சூப் விற்கும் பெனிதா அவளுக்கு ஒரு கிண்ணம் சும்மாவே ஊற்றிக் கொடுத்தாள். வெறுங்காலோடு நிற்கிறாளே என்று தன் செருப்பையும் கழற்றிக் கொடுத்தாள். ரயில் வருவதற்குள் இருவரும் உயிர்த் தோழிகள். அதன் பிறகு பெனிதா பேச்சே இல்லை.

"இவ திரும்ப வருவா, பாரு," என்றாள் பக்கத்தில் சுருட்டிக்கொண்டிருந்த என் தங்கை நெரெய்தா.

"சூப்புக்காரிக்கெல்லாம் எவன்டி ரெண்டு அத்தியாயம் எழுதுவான்?"

"வருவாக்கா. குடுத்த செருப்பைத் திருப்பி வாங்கிக்க வேண்டாமா?"

பத்தொன்பதாம் அத்தியாயம் ஓடும்போது நெரெய்தா காய்ச்சலில் செத்துப்போனாள். மூன்றாம் நாள் நான் வேலைக்கு வந்துவிட்டேன். அழுகை வரவில்லை. சாப்பிட்டேன், தூங்கினேன், சுருட்டினேன். கல்நெஞ்சக்காரி என்று பேசிக்கொண்டார்கள், பேசிவிட்டுப் போகட்டும். எனக்கு வேண்டியது ஒன்றுதான்: பெனிதா வர வேண்டும், தங்கை சொன்னது பலிக்க வேண்டும். அது ஆலையில் எல்லோருக்கும் தெரியும்.

நேற்று கடைசி அத்தியாயம். நாயகிக்குக் கல்யாணம் முடிந்தது. எவாரிஸ்தோ தண்ணீர் குடித்தார், என்னை ஒரு தடவை பார்த்தார், மறுபடி ஆரம்பித்தார். கல்யாண வீட்டு வாசலில் பெனிதா வந்து நின்றாளாம். நாயகி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு, புதுச் செருப்பை அவள் காலில் மாட்டிவிட்டாளாம்.

கால் மணி நேரம் வாசித்தார். ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை. கூடம் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. முடித்ததும் யாரும் தட்டவில்லை, நான் முதலில் தட்டட்டும் என்று காத்திருந்தார்கள்.

தட்டியிருக்கலாம். தங்கமான மனுஷன். ஆனால் எனக்குக் கோபம்தான் வந்தது.

"ஐயா, இது புஸ்தகத்துல இருக்கா?"

"விட்டுத் தொலையேன்டி ஒப்துலியா," என்று பின்னாலிருந்து ஒருத்தி முணுமுணுத்தாள்.

"இருக்கா, இல்லையா?"

அவர் புத்தகத்தை மூடினார். "இல்லம்மா."

"அப்போ அவ வரலையா?"

"வரலம்மா. அதுக்கப்புறம் அவ வரவே இல்ல."

நாற்பது நாளாக வராத அழுகை அப்போதுதான் வந்தது. கையிலிருந்த இலை நனைந்து வீணாகும் வரை அழுதேன்.